கோட்டையார் செத்துப் பிழைத்த ஞாயிறு

மழை வருமோ என்று குடை எடுத்துப் போகிறவர்கள் உண்டு. குடை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று மழைக்கோட்டையும் சேர்த்து எடுத்துப் போகிறவர்களும் உண்டு, கொஞ்சம் பேர். அந்த மழைக்கோட்டின் பட்டன் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஊசியும் நூலும் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர் ஒரே ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் இருந்தது. சம்பளம் வாங்கக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் அவர் கோட்டை. கூடப் பழகியவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்துக் கோட்டையார் என்றார்கள்.

கண்ணாடி விளக்குக் கூண்டு செய்கிற தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு அவருடையது. நீளமான மேசை, ஒரு பக்கம் அட்டைப்பெட்டிகள், இன்னொரு பக்கம் கிழித்த காகிதம் மலையாக. கூண்டை எடுத்து, சுற்றி, பெட்டியில் இறக்கி, காகிதம் போட்டு, டேப் ஒட்டி, காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுவார். அவர் கட்டிய பெட்டி உடைந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பிரிவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாளே அவரிடம் ஒரே பாட்டைக் கேட்டாக வேண்டும்.

"இறுக்கித் திணிக்காதீங்க. கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு விரல் அளவு இடம் வேணும், காகிதம் அதுல லேசா நிக்கணும். கீழ விழுந்தா அது கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும். அசையவே இடம் இல்லன்னா, அடி முழுக்கக் கண்ணாடி மேலதான்."

எவ்வளவு நல்ல புத்தி பாருங்கள். ஆனால் சாயங்காலம் சங்கு ஊதியதும் இந்தப் புத்தியை மேலங்கியோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வீட்டில் எதற்கும் ஒரு விரல் இடம் கிடையாது. வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடி வருவார். அணைத்திருக்கும். பார்த்துவிட்டுப் போவார். பாதி வழியில், சரியாகப் பார்த்தோமா என்று ஒரு சந்தேகம் வரும்.

அவர் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். நகரசபையின் கூரை போட்ட நீச்சல் குளத்தில் காலையிலும் மாலையிலும் வகுப்பு. தண்ணீரில் இறங்கினால் மீன் தோற்றுவிடும். அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கல்யாண நாள் பரிசாக நம்ம ஆள் என்ன வாங்கிக் கொடுத்தார் தெரியுமா? மிதவைச் சட்டை. தண்ணீரில் தத்தளிக்கிறவர்களுக்கு மாட்டிவிடுவார்களே, அதேதான். ஆரஞ்சு நிறத்தில், விசிலோடு. டீச்சர் அதை வாங்கி அலமாரியில் வைத்தார். யாராவது விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார்.

குளத்தில் உயரமான குதிமேடை ஒன்று உண்டு. வகுப்பு முடிந்ததும் அதிலிருந்து ஒரு முறையாவது குதித்துவிட வேண்டும் என்று டீச்சருக்கு வெகுநாள் ஆசை. சின்ன வயதில் குதித்தவர்தான். ஆனால் விடுமுறைக் காலைகளில் கோட்டை துண்டும் முதலுதவிப் பெட்டியுமாகக் குளத்தின் ஓரத்திலேயே நிற்பார். டீச்சர் மேடையின் பாதிப் படி ஏறும்போதே கீழேயிருந்து குரல் வரும்.

"வேணாம்மா! இறங்கிடு! வழுக்கும்!"

பிள்ளைகள் சிரிக்கும். டீச்சர் இறங்கி வருவார். "மூச்சு முட்டுதுங்க எனக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்பார். குளத்து மருந்து வாசனைதான் மூச்சை முட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்து கோட்டை ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லிக் காவலாளியைத் தேடிப் போவார். மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் பேய் பிசாசோடு சண்டை போடவும் போனார். எப்படி என்று கேட்பீர்கள். பல் வழியாகத்தான் போனார். வலி வருவதற்கு முன்னாலேயே பல் டாக்டரிடம் போகிறவர் அவர். வலியே இல்லாமல் வந்து வாயைத் திறந்து உட்காருகிற நோயாளியைப் பார்த்து டாக்டரம்மா அசந்துபோனார். பல்லில் பார்க்க ஒன்றும் இல்லாததால் பேச நேரம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளினிக் மூடிய பிறகு, காத்திருக்கும் அறையில் மேசையைப் போட்டு ஒரு விளையாட்டு ஆடுகிறோம், வாருங்களேன் என்றார்.

விளையாட்டு எளிமையானதுதான். ஒருவர் கதை சொல்வார், அது டாக்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவைத் திறப்பதா, ஓடுவதா, வாளை உருவுவதா என்று அவர்கள் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்று இருபது முகப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள். அதில் வலு, வேகம், புத்தி, பேச்சு, தாங்குதிறன் என்று கட்டங்கள். கொடுத்த புள்ளிகளை இஷ்டம்போல் பிரித்துப் போடலாம், ஒரு கட்டத்தில் பத்துக்கு மேல் கூடாது. தாங்குதிறன் ஒன்றுக்கு மூன்று உயிர்ப்புள்ளி. அடி விழுந்தால் உயிர்ப்புள்ளி குறையும். தீர்ந்தால் பாத்திரம் செத்தது, புதுத் தாள் எடுக்க வேண்டியதுதான்.

கோட்டைக்கு இந்தக் கடைசி விதியைக் கேட்டதுமே வியர்த்துவிட்டது. தாங்குதிறனில் பத்து போட்டார். மிச்சம் மீதியை மற்ற கட்டங்களுக்குப் பிச்சை போட்டார். பாத்திரத்துக்கு இரும்பன் என்று பெயர் வைத்தார். கதையில் கிடைத்த பொன், மணி எல்லாவற்றையும் கொடுத்து இரும்பனுக்குக் கவசம் வாங்கினார், கவசத்துக்குள் போட இன்னொரு கவசம் வாங்கினார், அடியைப் பாதியாக்குகிற மோதிரமும் வாங்கினார். இரும்பன் எந்த வேலையும் உருப்படியாகச் செய்ததில்லை. ஓட மாட்டான், பேச மாட்டான், யோசிக்க மாட்டான். சாகவும் மாட்டான்.

மேசையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கேக் கடை வைத்திருக்கிற அம்மா. எல்லாருக்கும் அவர் கேக்கம்மா. உடைந்த பிஸ்கட்டுகளை ஒரு டப்பாவில் கொண்டுவருவார். அவருடைய பாத்திரம் குருவி என்கிற திருடி. இன்னொருவர் டீச்சரின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், கோட்டைக்கு மச்சினன். கோட்டைதான் அவனைக் கூட்டி வந்தார். அவனுக்கு முன்னே பின்னே பார்க்கிற வழக்கம் கிடையாது. சூறாவளி என்று ஒரு வீரனை உண்டாக்கினான். செத்தான். அடுத்த வாரம் சூறாவளியின் தம்பி வாளை எடுத்துக்கொண்டு வந்தான். அவனும் காலி. பிறகு சித்தப்பா, பிறகு ஒன்றுவிட்ட அண்ணன். அந்தக் குடும்பத்தில் ஆண் வாரிசே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் எல்லாருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. போகப் போகக் கசந்தது. டாக்டர் சின்னச் சின்னப் பூதங்களை அனுப்பினால் இரும்பன் நடுவில் நின்று கொட்டாவி விடுவான், சண்டையே நடக்காது. சரி, இரும்பனுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும் என்று ஒரு ஞாயிறு கல் ராட்சசன் ஒருவனை இறக்கினார். இருபது புள்ளி அடிக்கிற கதாயுதம் அவன் கையில். முதல் அடி இரும்பன் மேல் விழுந்தது. கவசங்களும் மோதிரமும் விழுங்கியது போக, நாலு புள்ளி போயிற்று. இரண்டாவது அடி ஒன்றுவிட்ட அண்ணன் மேல் விழுந்தது. அவனுக்கு இருந்ததே பன்னிரண்டு. ஒரே அடி. மூன்றாவது அடி குருவியின் தலைமுடியை உரசிக்கொண்டு போனது, கேக்கம்மா கையிலிருந்த பிஸ்கட் நழுவி விழுந்தது.

மச்சினன் தாளைக் கசக்கினான்.

"மாமா, அந்த அடி உங்களுக்காகக் கொண்டு வந்தது. விழுறது எங்க மேல. எனக்கு இந்தக் குடும்பத்துல மிச்சம் இருக்கிறது சூறாவளியோட மாமியார் மட்டும்தான். அவங்களையும் காவு கொடுத்துட்டு நான் கிளம்பறேன்."

"நான் என்னடா தப்பு பண்ணேன்? சாகாம இருந்தேன், அவ்வளவுதானே?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தான் உருட்டுவது மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க அவர் முன்னால் நிறுத்திவைக்கிற மறைப்புப் பலகை, ஈறு நோய் பற்றிய விளம்பர அட்டை. ஆடுகிறவர்களைப் பார்த்து ஒரு பெரிய சொத்தைப் பல் எப்போதும் இளித்துக்கொண்டிருக்கும். அதற்கு மேலாக எட்டிப் பார்த்து அவர் சொன்னார்.

"தப்புன்னு இல்ல கோட்டை சார். உங்களுக்கு வலிக்கிற மாதிரி அடிச்சா இவங்க செத்துடறாங்க. இவங்க தாங்கற மாதிரி அடிச்சா உங்களுக்குத் தூக்கம் வருது. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இடமே இல்ல. வாரம் பூரா இதையே யோசிச்சு எனக்குத் தலைவலி. அடுத்த ஞாயிறு ஒரு தடவை ஆடலாம். அதோட நிறுத்திக்கலாம்."

கேக்கம்மா டப்பாவை மூடிக்கொண்டே கோட்டையிடம், "ஒரு தடவை நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி" என்றார்.

தொழிற்சாலையில் கோட்டை பேசுவது கண்ணாடி பற்றி மட்டும்தான். வீட்டில் பேசுவது பூட்டு, அடுப்பு, ஈரத்தரை. விழுந்து விழுந்து சிரித்தது, கத்தியது, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டது எல்லாம் அந்தக் காத்திருக்கும் அறையில்தான். அந்த மேசை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைப்பதைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. இழந்துவிடக் கூடாது என்று அவர் எதையாவது நினைத்தார் என்றால் அந்த மேசையைத்தான் நினைத்தார். அதைக் குலைத்தது தான்தான் என்பதும் உறைத்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நடந்ததைச் சொன்னார். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"அந்த இரும்பனை விட்டுடுங்களேன். வேற ஆளை எழுதுங்க."

"இத்தனை நாளா நான் காப்பாத்துனவன். எப்படி விட முடியும்?"

"காப்பாத்துனீங்க சரி. அவன் ஒரு நாளாவது எதாவது செஞ்சானா?"

கோட்டை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

வாரம் பூராவும் புதுத் தாளும் பென்சிலுமாக அலைந்தார். தாங்குதிறன் ஒன்பது என்று எழுதினார். இது இரும்பனின் தம்பி ஆயிற்றே என்று அழித்தார். எட்டு என்று எழுதினார், அழித்தார். தாள் நைந்துபோயிற்று. சனிக்கிழமை ஆகிவிட்டது. மனிதருக்கு நிதானமாக நடுவில் நிற்கத் தெரியாது. இருந்தால் இந்தக் கோடி, இல்லாவிட்டால் அந்தக் கோடி. மேசையைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாங்குதிறன் கட்டத்தில் ஒன்று என்று போட்டார். மூன்றே மூன்று உயிர்ப்புள்ளி. பாத்திரம் ஒரு விளக்கேற்றுபவன், பெயர் திரி. கையில் ஒரு கைவிளக்கு. உடம்பில் ஒரு சட்டை, அதுவும் பழசு.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"சார், இது தும்மினாலே செத்துடும்."

"இருக்கட்டும் டாக்டர்."

"மாமா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மச்சினன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

கதை தொடங்கியது. ஒரு குகை. உள்ளே இருட்டு மிருகம் ஒன்று. இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, தெரியாததை யாரும் வெட்டவும் முடியாது. குகைக்குள் ஒரு கல்பாலம், அதன் மறுகோடியில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய விளக்கு. அது எரிந்தால் மிருகம் வெளிச்சத்தில் சிக்கும். டாக்டர் இரும்பனுக்காகப் போட்ட கணக்குகளையெல்லாம் அவசர அவசரமாக அழித்துவிட்டு ஆரம்பித்தார்.

ஆனால் குகைக்குள் யார் போகிறார்கள்? திரி ஒரு அடி வைத்தால் போதும், எல்லாருக்கும் பதறியது. இதுவரை முன்னும் பின்னும் பார்க்காமல் பாய்ந்த மச்சினன், சூறாவளியின் மாமியாராக வந்தவன், திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்தான்.

"திரி தம்பி, நீ என் பின்னாலயே நில்லு. கல்லு தடுக்கும்."

"இரு, இரு, முதல்ல நான் தரையைத் தட்டிப் பாக்கறேன்" என்றார் கேக்கம்மா. குருவி ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தாள். தன் கம்பளியைக் கழற்றித் திரிக்குச் சுற்றினாள். அது போதாதென்று மாமியார் தன் கேடயத்தை அவன் முதுகில் கட்டினாள். திரி விளக்கைத் தூக்கினால், கை வலிக்கப் போகிறது என்று வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் குகை வாசலில் ஒரு மரத்தோடு அவனைக் கயிறு போட்டுக் கட்டி, நாங்கள் வருகிற வரைக்கும் அசையாதே என்று சொல்லிவிட்டுப் போகத் தீர்மானித்தார்கள். அவன் காற்றில் பறந்துவிடக் கூடாதாம்.

இதிலேயே மதியம் பாதி போய்விட்டது. யாரும் குகைக்குள் பத்தடி போகவில்லை. டாக்டர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி அடிச்சா வலிக்கல. இப்ப அடிக்கவே கை வரல" என்றார் சோர்ந்துபோய். "எனக்கு எதை இறக்கறதுன்னே தெரியல. ஒரு கொசுவைக்கூட விட முடியாது."

அதையும் யாரும் காதில் வாங்கவில்லை. மாமியார் மரத்தில் இரண்டாவது முடிச்சுப் போடுவது பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். "முடிச்சு அவிழ்ந்துட்டா என்ன பண்றது? அதனால மூணாவது ஒண்ணும் போட்டுடலாம்."

கோட்டை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாழ்நாளில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

"எனக்கு மூச்சு முட்டுது! கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்!"

முதலில் சிரித்தது மச்சினன்தான். மேசையில் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"மாமா... மாமா, இது எங்க அக்கா சொல்றது! ஒரு எழுத்து மாறல!"

கோட்டை நின்றபடியே நின்றார். குளத்து ஓரம், மேடையின் பாதிப் படி, திரும்பி இறங்குகிற டீச்சரின் முகம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன. மருந்து வாசனை இல்லை. ஜன்னல் இல்லை. இத்தனை வருடம் அவள் சொன்னது இதைத்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது, சொல்ல முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒரு விரல் இடம். அதைத் தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறவர் தான்தான் என்பதும் வந்தது. தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

பிறகு உட்கார்ந்து, தாளை நேராக வைத்தார்.

"திரி முடிச்சை அவிழ்க்கறான். கம்பளியைக் கழட்டறான். கேடயத்தை மாமியார்கிட்டயே கொடுத்துடறான். விளக்கைத் தூக்கிட்டுப் பாலத்துல நடக்கறான். டாக்டர், உங்க மிருகத்தை விடுங்க."

"சார், பன்னெண்டும் அதுக்கு மேலயும் விழுந்தா அடி. அடிக்கு அஞ்சு புள்ளி. உங்களுக்கு..."

"எனக்குக் கணக்குத் தெரியும். அந்தச் சொத்தைப் பல்லை எடுத்துடுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி உருட்டுங்க."

டாக்டர் பலகையை மடித்து ஓரமாக வைத்தார். கருவிகள் வைக்கிற எஃகுத் தட்டை நடுவில் வைத்துப் பகடையை உருட்டினார். அது கடகடவென்று ஓடி நாலில் நின்றது. கேக்கம்மா விட்ட மூச்சில் பிஸ்கட் தூள் பறந்தது. திரி விளக்கடிக்குப் போய்ச் சேர்ந்தான். ஏற்றுவதற்கு எட்டு வேண்டும், கோட்டை உருட்டினார், ஒன்பது. மச்சினன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். குகை முழுக்க வெளிச்சம். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாத மிருகம், கூசிய கண்ணோடு, திரிக்கு நேர் எதிரில்.

டாக்டர் உருட்டினார். பதினேழு.

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது.

"கை தட்டுல பட்டுடுச்சுன்னு நினைக்கறேன் சார். வேணும்னா மறுபடி ஒரு தடவை..."

"மறுபடியெல்லாம் கிடையாது" என்றார் கோட்டை. "பதினேழுன்னா பதினேழுதான்."

மூன்று புள்ளிகளையும் அவரே அழித்தார். விழுகிறவன் கடைசியாக ஒரு வார்த்தை பேசலாம் என்பது அந்த மேசையின் விதி. சூறாவளி குடும்பம் எப்போதும் பழிவாங்கச் சொல்லித்தான் சாகும். திரி என்ன சொல்வான் என்று எல்லாரும் கோட்டையையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லாப் பத்திக்கிச்சு. திரும்பி வந்து பாக்க வேணாம்."

கேக்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மச்சினனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் பாலத்தில் பாய்ந்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் சண்டை. மிருகம் அடித்தது, மாமியாருக்கு வலித்தது. குருவிக்கும் வலித்தது. ஆனால் இரண்டு பேரிடமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அடுத்த உருட்டில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் பளபளக்க, வாய் ஓயாமல் கதை சொன்னார். அடிப்பதற்குக் கடைசியில் அவருக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. எல்லாரையும்விட அதிகம் கத்தியது செத்துப்போனவர்தான். "இடது பக்கம் மாமியாரே! இடது பக்கம்!" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினார். கடைசி அடி குருவியுடையது. இரண்டே புள்ளி மிச்சத்தோடு அவள் மிருகத்தைச் சாய்த்தபோது கிளினிக் ஜன்னல்கள் அதிர்ந்தன. மாடி வீட்டுக்காரர் கீழே வந்து, பல் பிடுங்குகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாரும் எழுந்தபோது டாக்டர் தட்டைத் துடைத்துக்கொண்டே, வழக்கம்போல, "அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு வந்துடுங்க, லேட் பண்ணாதீங்க" என்றார். இது கடைசி ஞாயிறு என்று சொன்னது அவருக்கே மறந்துபோயிற்று. யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மச்சினன் ஒரு புதுத் தாளை எடுத்துக் கோட்டையின் சட்டைப் பையில் செருகினான்.

"அடுத்த ஆளை எழுதிட்டு வாங்க மாமா. மாமியார் காத்துக்கிட்டு இருப்பாங்க."

கோட்டை வீட்டுக்கு வந்தது பறந்துகொண்டுதான். குடை, மழைக்கோட்டு, பை எல்லாம் கிளினிக்கிலேயே கிடந்தன. டீச்சர் கதவைத் திறந்தார்.

"நான் செத்துட்டேன்!" என்றார் கோட்டை, முகமெல்லாம் பல்லாக.

"அப்பாடா" என்றார் டீச்சர். "எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு." பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "இத்தனை நாள் உனக்கு எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். டீச்சர் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ஒரு பூட்டுத்தான் போட்டார். கோட்டை அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அடுத்த விடுமுறைக் காலையில் வழக்கம்போலக் குளத்துக்குப் போனார். ஆனால் ஓரத்தில் நிற்கவில்லை. துண்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பார்வையாளர் படிகளில் ஏறி நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் புதுத் தாளை விரித்தார். வலு, வேகம், புத்தி, பேச்சு எல்லாம் எழுதியாகிவிட்டது. தாங்குதிறன் மட்டும் காலியாக இருந்தது.

வகுப்பு முடிந்தது. டீச்சர் குதிமேடைப் படியில் கால் வைத்தார். பாதிப் படியில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தார். குரல் எதுவும் வரவில்லை. கோட்டை பென்சிலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார், வேண்டுமென்றேதான், வாய் திறந்துவிடக் கூடாது என்று. மிச்சப் படிகளையும் டீச்சர் ஏறினார். பலகை நுனிக்கு வந்தார். கையை உயர்த்தினார். பென்சிலில் பல் பதிந்தது.

தண்ணீர் ஒரு முறை பிளந்து மூடியது. பிறகு குளத்தின் மறுகரையில் டீச்சரின் தலை மேலே வந்தது. நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, படிகளைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

கோட்டையும் கையை ஆட்டினார். பிறகு குனிந்து, தாங்குதிறன் கட்டத்தில் ஐந்து என்று எழுதினார். ஆறாக மாற்றக் கை துறுதுறுத்தது. மாற்றவில்லை.